கால்வாய்க்கரைப் பறவை

எங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது. பழமும் பலகாரமும் அம்மாவின் கணக்கில் சேராது. போன தடவை வந்துபோன பிறகு, தானே கண்டோ கேட்டோ தெரிந்துகொண்ட ஒரு புது விஷயத்தை ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். பாட்டாக இருக்கலாம், படமாக இருக்கலாம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் செய்த காரியமாகக்கூட இருக்கலாம். செல்போனில் யாரோ அனுப்பியதை அப்படியே நீட்டினால் செல்லாது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பட்டாசலில், அதாவது முன்னறையில், எல்லோரும் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்போம். ஒரு சாயங்காலத்துக்கு ஓர் ஆள்.

இந்தச் சட்டம் வந்ததே ஒரு சண்டையில்தான். அண்ணன் அரசு பஸ் டிரைவராகித் திருநெல்வேலிக்கும், நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாகிப் பாளையங்கோட்டைக்கும், தங்கை கல்யாணமாகி ஆழ்வார்குறிச்சிக்கும் போய்விட்டோம். முதல் விடுமுறைக்கு மூன்று பேரும் விக்கிரமசிங்கபுரத்துக்கு வந்து, இருந்த நாளெல்லாம் சின்ன வயதுக் கதையையே பேசித் தீர்த்தோம். நாங்கள் உருகி உருகிப் பேசுவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச கதைய எனக்கே சொல்லுததுக்கா பஸ் ஏறி வாறிய? அடுத்த மட்டம் எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா கொண்டாங்க. இல்லன்னா அங்கனயே இருங்க" என்றாள்.

அம்மா ஊரிலிருக்கிற நூல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டுக்குள் அவள் ஒன்று சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரிதான்.

பரிசும் அந்தத் தொண்டையிலிருந்தே வரும். நாங்கள் சொன்னது பிடித்துப்போனால் அம்மா குலவை போடுவாள். அம்மன் கோவில் கொடையில் முதல் குலவை அவளுடையதுதான். அவள் ஆரம்பித்த பிறகுதான் மற்றப் பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்ட குலவையை எங்கள் பட்டாசலில் எங்களுக்காகப் போடுவாள். பிடிக்காவிட்டால் "சரி, நாளைக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். நடுவில் ஒன்றும் கிடையாது. "பரவாயில்லையே" என்று ஒரு வார்த்தை ஆறுதலுக்குச் சொல்ல மாட்டாள்.

குலவை போடுவதில் ஒரே ஒரு சங்கடம். பின்பக்கத்து மதில் எங்களுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் பொது. அத்தை நல்லவள்தான், ஆனால் எங்கள் வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டாலே என்ன குழம்பு என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. குலவை கேட்டால் விடுவாளா? "என்ன மதினி, என்ன விசேஷம்?" என்று மதிலுக்கு மேலே தலை வந்துவிடும். பிள்ளை பிறந்திருக்கிறதா, பெண் பார்த்துவிட்டுப் போனார்களா என்று அவளுக்குச் சந்தேகம். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று அம்மா சமாளிப்பாள்.

அந்த மதிலை நினைத்து நினைத்தே எங்களை வளர்த்தாள் என்றும் சொல்லலாம். சத்தமாகச் சிரிக்காதே, மொட்டை மாடியில் நின்று தலை வாராதே, எல்லாவற்றுக்கும் மேலே, சீட்டியடிக்காதே. தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் உதட்டைக் குவித்துச் சீட்டியடித்துப் பார்த்தாள். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது. "பொட்டப்பிள்ள சீட்டியடிக்கத பக்கத்து வீட்டுக்காரி கேட்டா என்ன நெனப்பா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்டதில்லை. அண்ணன் மட்டும் அடிப்பான். அவனுக்கு எந்தச் சட்டமும் கிடையாது.

எங்கள் மூன்று பேரில் அதிகமாகக் குலவை வாங்கியவள் தங்கைதான். அவள் பாடுவாள். நன்றாகப் பாடுவாள் என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. பழைய சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பாடியவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், அதை எப்படி மறைக்கிறார் என்று கண்டுபிடித்துக்கொண்டு வருவாள். நின்று நின்று பாடிக் காட்டுவாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் எனக்கு அந்த மூச்சு கேட்கும். கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன பாட்டு புதுப் பாட்டாகிவிடும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குலவை போடுவாள்.

என் கதை வேறு. நான் கண்ணால் பிழைக்கிறவள், என் கண்ணில் எனக்கு நம்பிக்கை அதிகம். ஒரு வருடம், ஆற்றை வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் நீல வண்ணத்தை எடுக்கிறார்கள், ஆனால் தாமிரபரணி ஒருநாளும் நீலமாக ஓடுவதில்லை என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தேன். காலையில் பாசிப்பச்சை, மழைக்குப் பிறகு பால் விட்ட டீ, சாயங்காலம் பழைய இரும்புச் சட்டி நிறம். விதவிதமாக வரைந்து வரிசையாகப் பரப்பினேன். அம்மா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆறு நீலமா இல்லங்கது எனக்குத் தெரியும். தெனமும் அதுலதான குளிக்கேன். நாளைக்கு யாரு?" என்றாள்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்போதும் சொல்கிறேன், அது குலவைக்குரிய விஷயம்தான்.

போன வைகாசியில் தங்கைக்குக் கழுத்தில் தைராய்டு கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கட்டி நல்லபடியாகப் போனது. குரலும் அதோடு போனது. பேச முடியும், ஆனால் பேச்சில் பாதி வெறும் காற்று. நரம்பு அசந்துபோயிருக்கிறது, மெதுவாகத் திரும்பலாம், பழையபடி பாட வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். மழலைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அதைச் செய்துகொண்டிருந்தவளைச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அரையாண்டு விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், தங்கை வீட்டுக்காரர் எங்கள் எல்லோரையும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டார். நல்ல மனிதர். "பாட்டப் பத்தி ஒண்ணும் எடுக்காதீங்க மதினி. பாட்டுச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருதா" என்றார். சரி என்றேன். இதை நான் தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன். புண் இருக்கிற இடத்தில் கை வைக்காமலிருப்பதுதானே முறை?

நாங்கள் அந்த முறையைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்துவிட்டோம். அண்ணனின் செல்போன் கூப்பிட்டால் பாடும். அதை மாற்றி வெறும் மணியடிக்கிற மாதிரி வைத்திருந்தான். பாட்டுப் போட்டி வரும் நேரத்தில் அம்மா டிவியை அணைத்தாள். கூட வந்திருந்த எங்கள் பிள்ளைகளை முணுமுணுக்கக்கூட விடவில்லை.

முதல் சாயங்காலம் அண்ணன் முறை. ராதாபுரத்துப் பக்கமிருந்து ஒரு கட்டுப் பனங்கிழங்கு வாங்கிவந்திருந்தான். அதை அவித்துவைத்து, நார் உரித்துக்கொண்டே கேட்டோம். திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்குப் பஸ் ஓட்டி வரும்போது அவன் கவனித்த விஷயம் அது. சேரன்மகாதேவி தாண்டியதும் பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவார்களாம். கல்லிடைக்குறிச்சியைக் கடந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியதும், ஒருத்தரும் எழுப்பாமல் எல்லோரும் கண்ணைத் திறப்பார்களாம்.

"கண்ணாடியில பாத்துக்கிட்டே வருவேன். பாலத்துல ஏறுன ஒடனே ஆத்துக் காத்து உள்ள வரும். மொதல்ல பிள்ளையள் முழிக்கும், பொறவு பொம்பளையள், கடேசியாத்தான் ஆம்பளையள். ஒருநாளும் தப்புனதில்ல. எல்லாரும் ஒருக்க ஆத்தப் பாப்பாங்க. பாத்துட்டு அம்பாசமுத்திரம் எறங்கதுக்குப் பைய எடுப்பாங்க" என்றான்.

எனக்கே பொறாமையாக இருந்தது, அவ்வளவு நல்ல விஷயம். அம்மா குலவைக்கு வாயைத் திறந்துவிட்டாள். திறந்தவள் தங்கையைப் பார்த்தாள். முன்பெல்லாம் அம்மாவோடு சேர்ந்து இரண்டாம் குலவை போடுகிறவள் தங்கை. அம்மா வாயை மூடிக்கொண்டாள். "நல்லாருக்கு" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கை குனிந்து கிழங்கு நாரை உரித்துக்கொண்டே இருந்தாள்.

விடியும் முன்னே எழுந்து கால்வாய்க்கரைப் பக்கம் நடக்கப் போவது அந்த விடுமுறையில் அவளுக்கு வழக்கமாக இருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார் என்றாள். துணைக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்றாள். தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டு வருகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் நிச்சயம். அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அப்படி ஒரு காலையில்தான் என்னுடைய கண்டுபிடிப்பு கிடைத்தது. பின்பக்கம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மார்கழிப் பனியில் எதிரே இருந்த மலை தெரியவில்லை. வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து, கால்வாய்ப் பக்கமிருந்து, ஒரு சீழ்க்கை. மனிதச் சீழ்க்கை மாதிரியே இருந்தது, ஆனால் இத்தனை சுத்தமாக எந்த மனிதனும் அடிக்க மாட்டான். ஏறுகிற ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. பாதியில் விட்டது. மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மலைக்கு மேலே ஓடைக்கரைகளில் ஒரு கருநீலப் பறவை உண்டு. ஆள் சீட்டியடிப்பது போலவே கூவும். மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்து ஏமாறாதவர்கள் அங்கே கிடையாது. மழை முடிந்து குளிர் வந்ததும் அது கீழே இறங்கி, எங்கள் கால்வாய்க்கரை வரைக்கும் வந்திருக்கிறது. வாயில் பற்பசையோடு உள்ளே ஓடிப்போய்ச் செல்போனை எடுத்துவந்து பதிவு செய்தேன். மறுநாளும் காத்திருந்து பிடித்தேன். அன்றைக்கு இன்னும் நன்றாகக் கூவியது. ஏற முடியாமலிருந்த அந்த அடியில் ஏறிவிட்டது. வாழைகளுக்கு நடுவே நின்றிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பறவை பாட்டில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அது இயற்கை. தங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்த வாக்கு மீறப்படவில்லை.

என் முறை வந்த சாயங்காலம் நான் கொஞ்சம் கம்பீரமாகத்தான் உட்கார்ந்தேன். மலையைப் பற்றிச் சொன்னேன், பறவையைப் பற்றிச் சொன்னேன், அந்த நீலத்தை எப்படிக் கலக்க வேண்டும் என்றுகூடச் சொன்னேன். பிறகு செல்போனை நடுவில் வைத்தேன்.

சீழ்க்கை பட்டாசல் முழுக்க நிறைந்தது. அண்ணன் பனங்கிழங்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

"கவனி. ஒரே அடிய எத்தன மட்டம் சொல்லிப் பாக்குது பாரு. தப்பு வந்தா தானே திருத்துது. எந்தப் பாட்டு வாத்தியார்ட்டயும் படிக்கல, என்ன ஞானம்!" என்றேன்.

அந்த அடி ஏறி, மேலே போய், நின்றது. அம்மா தன்னை மறந்துவிட்டாள். தங்கையையும் மறந்துவிட்டாள். பல மாதமாக அடக்கிவைத்திருந்த குலவை வீடே அதிர வெளியே வந்தது. எனக்கு, எனக்கே எனக்காக, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு குலவை!

குலவை ஓய்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது. தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று செல்போனை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். அவள் நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா," என்றாள், காற்றும் குரலும் கலந்த அந்தக் குரலில், "அது பறவையில்லக்கா. நான்."

அண்ணன் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தான்.

"என் முறைக்குன்னு வச்சிருந்தத நீ களவாண்டுட்டியேக்கா. அதுலயும் நா தப்புத் தப்பா அடிச்சதெல்லாம் ஞானம்னு சொல்லுத" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த எடம் எனக்கு ஏற மாட்டேன்னு மாசக்கணக்கா பாடாப் படுத்திச்சு. நேத்துத்தான் வந்துது."

அவள் சொல்லச் சொல்லக் கேட்டோம். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மணலில் இரண்டு குழந்தைகள் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். அதட்டப் போனால் காற்றுதான் வந்திருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் உதட்டைக் குவித்து ஊதியிருக்கிறாள். மொத்தப் பிள்ளைகளும் சிலையாகிவிட்டார்கள். சீட்டிக்குத் தொண்டை வேண்டாம், மூச்சும் உதடும் போதும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக அடித்துப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

"அப்ப பாட்டுச் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போறன்னு சொன்னாரே?" என்றான் அண்ணன்.

"அடிச்சுப் பாக்கத்தான் போவேன். அவுக அழப் போறேன்னு நெனச்சுக்கிட்டாவ" என்றாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அண்ணன் போன் பாட்ட மாத்தியாச்சு. டிவிய அமத்தியாச்சு. அம்மா குலவைய முழுங்குதா. நா வந்தா எழவு வீடு மாதிரி இருக்கு. எனக்குத் தொண்டதான் போச்சு, காது போவலியே."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவை மறந்துவிட்டோம். அம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி," என்றாள் கடைசியில், "நான் இப்ப குலவை போட்டது நீ சீட்டியடிச்சதுக்கா?"

நாற்பதை நெருங்குகிற தங்கை தொடையில் கையை வைத்து மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான், அவள் ஏன் இதைக் கால்வாய்க்கரைக்குக் கொண்டுபோனாள் என்பது எனக்கு உறைத்தது. எங்கள் இரக்கத்துக்கு அவள் பயப்படவில்லை. குரல் போய், அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதையும் அம்மா கூடாது என்று சொல்லிவிட்டால் வேறு ஒன்றும் கையில் இல்லை என்று பயந்திருக்கிறாள்.

"முழுசா அடிட்டி," என்றேன் நான். எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று தெரியாத கோபம். "இன்னைக்கு உன் முறை. என் முறைய நான் உனக்குக் குடுத்துட்டேன்."

அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பாடுவதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். அதே பழைய பாட்டு. முன்பு மூச்சு வாங்கும் இடத்தைக் காட்டினாளே, அந்தப் பாட்டு. இப்போது முழுப் பாட்டும் மூச்சாக வந்தது. வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஆனால் வார்த்தையெல்லாம் எங்களுக்குக் கேட்டது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பாட்டு பாதியில் இருக்கும்போது அம்மா எழுந்தாள். எங்கள் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் அடுக்களையைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். தங்கையின் உதடு தடுமாறியது. சீழ்க்கை அறுந்தது.

அந்த அமைதியில், மதிலுக்கு மேலேயிருந்து அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்ன மதினி, குலவச் சத்தம் கேட்டுது. இப்ப என்னன்னா சீட்டிச் சத்தம் கேக்கு. யாரு உங்க வீட்ல சீட்டியடிக்கது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அம்மாவுக்குப் பதில் கைவசம் இருந்தது. மலைப் பறவை, மூத்தவள் செல்போனில் பிடித்துவந்திருக்கிறாள் என்று சொன்னால் போதும். மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லாம் சரியாகிவிடும். அந்தப் பொய்யை நான்தான் அவளுக்குத் தயார் செய்து கொடுத்திருந்தேன். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆலை இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய அந்தக் குரல், தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"சீட்டியில்ல மதினி. எம் மவ பாடுதா. இங்கன வந்து உக்காந்து கேளுங்க."